ஒரு புள்ளி அதிகம்

அவினாசி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் கவனம் அங்கே போனது.

"நான் அவளை மிரட்டவே இல்ல அம்மணி. தெனமும் ஒரு புள்ளி வெச்சுப்போட்டு வந்தேன், அவ்வளவுதான்."

"என்ன புள்ளிங்க்கா?"

"எங்க கணபதி ஏரியாவுல எதுத்த ஊட்டுல ஒரு புள்ள தனியாக் குடியிருக்குது. அந்த ஊடு என்ற தங்கச்சிக்கு வேணும். காலி பண்ணு கண்ணுன்னா கேக்கல. வெடியால கோலம் போட்டுட்டு உள்ள போவா. நான் போயி ஓரத்துல ஒரு புள்ளி சேத்துப்போடுவேன்."

"இதுக்கெல்லாம் பயப்படுவாங்களாக்கும்?"

"சண்டை போட்டா எதுத்து நிப்பா. இதுல அவ மேலயே அவளுக்குச் சந்தேகம் வந்துரும். நேத்து ஒவ்வொரு புள்ளியா வெரல் வெச்சு எண்ணிட்டு நின்னா. இன்னைக்கு வாசல்ல கோலமே இல்ல."

"பொல்லாத ஆளுங்க்கா நீங்க!" இளையவர் சிரித்தார்.

என் மகள் கணபதியில் தனியாக இருக்கிறாள். போன வாரம் போனில், "எண்ணித்தாம்மா வெச்சேன், அப்புறம் வந்து பாத்தா ஒண்ணு அதிகமா இருக்குது" என்றாள். தூக்கம் போதவில்லை, டாக்டரைப் பார் என்றேன்.

கருமத்தம்பட்டியில் இறங்கிப் போன் செய்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்:

"நீ சொன்னதுதாம்மா சரி. எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சு. இன்னைக்குக் கோலமே போடல."