ஆல்பத்துல ப்ளேன் சத்தம்

இல்ல சார், அந்த மூணாவது பாட்ட இன்னொருவாட்டி போடுங்க. ம்... கேக்குது, கேக்குது. நீங்க சொன்னப்புறம் நல்லாவே கேக்குது. சனியன், அவ குரல் மேலயே ஏறிக்கினு போவுது பாருங்க ப்ளேனு.

சத்தியமா எங்க காதுல விழல சார். ஏர்போர்ட்ட ஒட்டின பொழிச்சலூர்லயே பொறந்து வளந்தவங்க நாங்க. தலைக்கு மேல ப்ளேன் போனா நிமிந்துகூட பாக்க மாட்டோம். வூட்டுலயே ரெக்கார்டிங், அதுக்கு இன்னால்லாம் பண்ணோம் தெரியுமா? ஃபேன நிறுத்தி, ஜன்னல்ல மெத்தைய அடைச்சு, கீழ் வூட்டு கங்கையம்மா அக்காகிட்ட மிக்ஸி போடாதீங்கன்னு கெஞ்சி... அவ வேர்த்துக் கொட்டிக்கினு பாடினா. முடிச்சதும் எல்லாரும் ஒக்காந்து கேட்டோம். இன்னா க்ளியரா கீதுப்பான்னு அக்கா கை தட்டுச்சு. ஆல்பம் போடற கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிட்டான். எல்லா பாட்டுலயும் ப்ளேனாம், இத வெளியிட முடியாதாம்.

பாடினது யாரா? என் சம்சாரம் சார், ரேஷ்மா. தாம்பரம் சர்ச் கொயர்ல பாடிக்கினு இருந்தவ. அப்புறம் ஒரு ஓட்டல்ல சனிக்கிழமையானா ஜாஸ் பாடுவா. ஜாஸுன்னா இன்னான்னு எனக்கு வெளக்கத் தெரியாது. தாளம் முன்னாடி போயிடும், இவ அவசரமே படாம பின்னாடி வருவா. எனக்கு அழுக வந்துடும். சாப்புடறவன் ஒருத்தன்கூட தட்டுலேர்ந்து தலைய தூக்க மாட்டான். இத்தன வருஷம் அப்பிடிப் பாடினவளுக்கு இதான் சார் மொத ஆல்பம்.

ப்ளேன மட்டும் உருவ முடியாதா? அவ குரலும் சேந்து போயிடுமா? நீங்களும் அதயே சொல்றீங்களே சார். குரோம்பேட்டைல உங்க ஸ்டுடியோலதான் முடியும்னு சொல்லி அனுப்பினாங்க.

கடைசி பாட்டுல கரகரன்னு கீதா? ஆமா. கூட வாசிச்ச பேண்டு பசங்கல்லாம் அவகிட்ட அதத்தான் பாராட்டினானுங்க. ஜாஸுக்கு அந்தக் கரகரப்புதான் அக்கா அழகுன்னு. நாங்களும் பூரிச்சுப் போயிட்டோம்.

இன்னா சார்? இங்கயே கூட்டியாந்து திரும்பப் பாட வெக்கலாமா? காசு வேணாமா? நல்லா இருப்பீங்க சார், யாரு இப்பிடிக் கேக்கறாங்க.

அது ஆவாது சார். போன மாசம் தொண்டைல கேன்சர்னு சொல்லி குரல்பெட்டியவே எடுத்துட்டாங்க. கழுத்துல ஓட்ட போட்டு அது வழியாத்தான் மூச்சு வுடறா. ஆல்பம் எப்ப வருதுன்னு தெனம் கைய ஆட்டிக் கேக்கறா. திருப்பி அனுப்பினத நான் இன்னும் சொல்லல. நீங்க முடிஞ்ச வரைக்கும் ப்ளேன எடுங்க சார், அவ குரல்ல மட்டும் கை வெக்காதீங்க. இனிமே அது இதுல மட்டும்தான் கீது.