இல்லை என்று சொல்லாத நிரல்

நீங்கள் ஊற்றித் தந்த மாத்தே தேநீர் நன்றாக இருக்கிறது. சூடும் கசப்பும் அளவாக இருக்கின்றன. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மொந்தெவிதேயோவில் ஒரு மருத்துவமனையின் மருந்தேற்றும் பம்புகளுக்கு நானும் சுல்மாவும் சி மொழியில் நிரல் எழுதினோம். ஒவ்வொரு படுக்கைக்கும் எவ்வளவு மருந்து என்று குறித்துவைக்க, எல்லாப் பம்புகளுக்கும் பொதுவான கணினியின் நினைவகத்தில் நிரல் இடம் கேட்கும். சில சமயம் இடம் கிடைக்காது. அப்போது சுல்மாவின் நிரல் பாதியில் வாங்கிய இடத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பம்பைப் பழைய அளவிலேயே வைத்து, மணியடித்து நர்ஸைக் கூப்பிடும்.

மணி அடிக்கடி அடித்தது. தலைமை நர்ஸ் நெல்லி என்னைப் போனில் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, பம்பு செஞ்சீங்களா, பச்சப்புள்ள செஞ்சீங்களா? ஓயாம அழுவுது."

யாரும் சிரமப்படுவது எனக்குப் பிடிக்காது. சுல்மா விடுப்பில் போன வாரம், அவள் எழுதியதை எடுத்துவிட்டேன். ஒரு துண்டு இடத்தை ஒதுக்கிவைத்து, இடம் தீர்ந்தபின் யார் கேட்டாலும் அதையே கொடுக்கச் செய்தேன். மணி நின்றது. நெல்லி ஒரு பெட்டி அல்ஃபஹோர் இனிப்பு அனுப்பினார்.

சுல்மா திரும்பி வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "லூசாடா நீ? இல்லன்னா இல்லன்னு சொல்லித் தொலையணும். ரெண்டு பேருக்கு ஒரே இடத்தக் குடுத்தா, ஒருத்தர் மருந்தளவு இன்னொருத்தருக்குப் போயிடும்."

"சரி தாயே, மாத்திடறேன்" என்றேன். மறுநாள் மாற்றிவிட்டதாகவும் சொன்னேன். மாற்றவில்லை. வார்டு அவ்வளவு அமைதியாக இருந்தது.

மார்ச் மாதம் ஏழாம் படுக்கை எலாதியோ இறந்தார். பன்னிரண்டாம் படுக்கையின் அளவு அவருக்கு ஏறியிருந்தது. பம்பின் பதிவேட்டைப் பார்த்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு வயது எண்பத்தொன்று. இதயம் நின்றுவிட்டது என்றார்கள் மருத்துவர்கள். நல்ல காரணம்தான், நானும் ஒத்துக்கொண்டேன். அதன்பின் மூன்று பேர். அவர்களில் கடைசி இர்மா. முப்பத்து நான்கு வயது, குடல்வால் அறுவை முடிந்து மறுநாள் வீடு திரும்ப வேண்டியவள்.

அப்போதுதான் சுல்மா நிரலைத் திறந்து பார்த்தாள். "மாத்திட்டேன்னு சொன்னியேடா" என்றாள். நேரே காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

நான்கு பேரையும் கொன்றது நான்தான். அதை எழுதிவிட்டீர்களா? கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மணி அடிக்காமல் இருந்த எட்டு மாதத்தில் மருத்துவமனையிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை.