வேரில் இருந்த சிவப்பு

தப்ரீஸ் கடைவீதியில் புதுக் கம்பளத்தை வழியில் விரித்துப் போட்டு ஊரையே மிதிக்க விடுவது வழக்கம்தான், ஐயா. மிதிபட மிதிபட மதிப்பு ஏறும். மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை.

என் கம்பளத்தையும் அப்படித்தான் பழசாக்கினேன். மிதிக்க விட்டேன், வெயிலில் போட்டேன், தேயிலைச் சாயம் ஏற்றினேன், கடைசியில் வெளுப்பு மருந்தில் கழுவினேன். நடுவே பதக்கம்போல் நெய்த பெரிய பூவேலையின் சிவப்பு, காய்ந்த மாதுளைத் தோலின் நிறத்துக்கு மங்கியது. நூறு வயது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் டெஹ்ரானிலிருந்து ஒருவர் வாங்க வருவதாக இருந்தது. பழங்கம்பளங்களைப் பற்றி மாலை வகுப்பில் படித்தவன் நான். ஆனால் அதுவரை யாரும் என்னை நிபுணன் என்று சொன்னதில்லை.

மதியத் தொழுகைக்குக் கடைகள் மூடியிருந்தபோது அக்காவின் கணவர் சாபிர் என் கடைக்கு வந்தார். கம்பளத் தரகர். இழைகளை விரலால் விலக்கி அடியில் பார்த்தார். சிரித்தார்.

“உண்மையான பழசுன்னா நுனியிலேருந்து படிப்படியா மங்கியிருக்கும். இது மேல வெளுத்துக் கெடக்கு, வேரு கல்யாணப் பொண்ணாட்டம் செவந்திருக்கு. மச்சான், கிழவிக்கு மை பூசி ஏமாத்துனவனப் பாத்திருக்கேன். குமரிக்குச் சுருக்கம் வரைஞ்சவன் நீ ஒருத்தன்தான்யா!”

“வெளிய சொல்லிடாதீங்க, அத்தான்.”

“சொல்லாமயா? சாயங்காலம் டீக்கடையில இதான்டா பேச்சு.”

எந்தக் கம்பளமானாலும் இழை சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்க்க, ஓரத்தில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைப்பது அவர் பழக்கம். அன்றும் படுத்தார். நான் சுருட்டினேன்.

“டேய், கூசுதுடா” என்றார் முதல் சுற்றில். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு கையும் காலும் அசையாது. நல்ல கம்பளத்தின் குணம் அது. மடிப்பு விழாமல், ஓரம் கோணாமல் சுருட்டி, கயிறு கட்டி, மேலே உட்கார்ந்தேன். அவர் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். கம்பளி தரமானது, ஒன்றும் விளங்கவில்லை. கட்டு சரியாக விழுந்ததா என்றுதான் எனக்குச் சந்தேகம். அவிழ்க்காமலே தடவித் தடவிப் பார்த்தேன். பேச்சு நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் டெஹ்ரான்காரர், கம்பளத்தின் ஓரத்தில் புதிதாக விழுந்திருந்த கறையைத் தடவினார். “எத்தன தலமொற பொழங்குன வீடோ!” என்று உருகி வாங்கிப் போனார். வேரை அவர் பார்க்கவே இல்லை.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, மறுக்கவில்லை. போலி என்று மட்டும் எழுதாதீர்கள்.