பாலை மரத்து வழக்கு

"இந்தப் பக்கம் ஒருத்தற்றை வேலியும் சரியான இடத்தில இல்லை, அம்மா. அதுதான் எனக்குச் சோறு போடப்போகுது."

பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் இப்படிச் சொன்னதும் காதில் செருகியிருந்ததைக் கழற்றினேன். உடையார்கட்டில் தாயுடன் ஏறியவள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க, புதுக்குடியிருப்பில் உள்ள இன்ரநெற் கடைக்குப் போகிறார்கள்.

"கலைப்பிரிவு படிச்சனி. ரீச்சரா வா பிள்ளை. மாதம் முடியச் சம்பளம்."

"சட்டம் படிக்க நான் எடுத்த புள்ளி காணும். விண்ணப்பத்தில முதலாவதா அதைத்தான் போடுவன்."

"கோட்டில நிண்டு கத்தப்போறியோ?"

"வீட்டில உங்களோட சும்மா கத்துறன். அங்கை காசு தருவினம்."

கொண்டக்டர் சிரித்துவிட்டார். தாய் சிரிக்கவில்லை.

"பெரியப்பா வேலியை எங்கடை பக்கம் தள்ளினதுக்கு வழக்குப் போட்டம். எங்கடை லோயர் எங்கையிருந்து வாறவர்?"

"யாழ்ப்பாணத்தில இருந்து."

"காரில வாறார். நாங்கள் பஸ்ஸில போறம். உறுதிப் பத்திரம் எரிஞ்சுபோன காணிக்குப் பாலை மரம்தான் எல்லையெண்டு ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதுசாச் சொல்லவேணும். எனக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை."

தாய் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். புதுக்குடியிருப்புச் சந்தை தெரியத் தொடங்கியது.

"எத்தினை வருசம் படிக்கவேணும்?"

"அஞ்சாறு வருசம் போகும்."

தாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரி, முதலாவதாப் போடு. நீ வருமட்டும் கொப்பற்றை அண்ணன் அந்தப் பாலையில கோடாலி வைக்காமல் நான் பாத்துக்கொள்ளுறன்."