ஜிம்முக்குள் நெல்மூட்டை

“ஜிம்முக்குள்ள நெல்லு எப்படி சார் வந்துச்சு?”

கீழ்வேளூரில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டில் இப்படி ஒரு கேள்வி. கேட்டவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை மட்டும் போட்ட ஜிம் கட்டிக் கொடுத்த இன்ஜினியரம்மா. பக்கத்தில் அந்தப் பள்ளியின் பி.டி. மாஸ்டர், கழுத்தில் விசிலோடு.

“அறுவடை மேடம். மழை வேற மிரட்டுது.”

“பிள்ளைங்க கயிறு ஏறத்தான் அந்த உத்தரத்தைப் போட்டேன். அதுல தராசைத் தொங்கவிட்டிருக்காங்க!”

“பழைய பண்ணைக் கொட்டகை மாதிரியே கட்டிட்டீங்க. பார்க்குறவன் எவனுக்கும் ஜிம்முன்னு தோணலையே.”

“காத்தோட்டமா இருக்கணும், ஃபேன் வேணாம், சுவரே வேணாம்னு கேட்டது யாரு?”

“நான்தான்.”

“அப்ப மூட்டையை எடுக்கச் சொல்லுங்க.”

“எடுத்து எங்க வைக்கிறது? கொள்முதல் நிலையத்துல வெட்டவெளியில கிடந்து நனைஞ்சா, ஈரம் அதிகம்னு திருப்பி அனுப்பிடுறாங்க.”

“பிள்ளைங்க எங்க விளையாடுவாங்க?”

“வராண்டாவுல யோகா பண்றாங்க.”

“நல்லா இருக்கு சார் உங்க நியாயம்.”

சடசடவென்று மழை பிடித்தது. எல்லோரும் ஷட்டரை இறக்கினோம். மாஸ்டர் அவசரமாக மனைவிக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, நம்ம மூட்டை ஓரத்துலயா கிடக்கு? சாரல் அடிக்குமே!”

இன்ஜினியரம்மா அவரையே கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“கிழக்கால தள்ளி வைக்கச் சொல்லுங்க சார். பிள்ளைங்க நனையக் கூடாதுன்னு அந்தப் பக்கம்தான் கூரையைத் தாழ இறக்கியிருக்கேன்.”