மறியலில் ஒரு குட்டிக் கார்

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் இடஒதுக்கீட்டு மறியல். புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். மெட்ராஸ் போகும் எங்கள் பஸ் நின்றுவிட்டது. என் முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் மடியில் சிங்கப்பூரிலிருந்து வந்த ரிமோட் ரேஸ் கார். மறுநாள் மெட்ராசில் பந்தயமாம்.

“நேரா ஓடணும்னா முன்சக்கரம் ரெண்டும் லேசா ஒண்ணையொண்ணு பாத்துக்கினு இருக்கணும் மச்சான்.”

“இன்னா மாப்ள, நேரா பாத்தாத்தானே நேரா ஓடும்?”

எனக்கும் அதே சந்தேகம்தான்.

“நேத்து அப்படி வச்சித்தானே வூட்டுச் செவுத்துல முட்டிச்சி? நாளைக்கும் முட்டினா மானம் போயிடும்.”

“ஸ்பிரிங்கு?”

“ஜாஸ்தி கெட்டி, குதிக்குது. கொஞ்சம் தளர்த்தி வுட்டுட்டேன்.”

காரை மடியில் வைத்திருந்த மாப்பிள்ளை முன்சக்கரத் திருகை லேசாகத் திருப்பினார். இருவரும் இறங்கிக் காலிச் சாலையில் காரை விட்டார்கள். அது கோடு கிழித்தாற்போல் ஓடி, மரத்தின் அடியில் இருந்த சந்தில் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியேறியது. பஸ்ஸே கைதட்டியது.

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த மறியல்காரர் இறங்கிப்போய் அதை எடுத்தார். முன்சக்கரங்களை உற்றுப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கமே கொண்டுவந்து வைத்தார்.

“மறியல்னா எல்லா வண்டிக்கும்தாங்க” என்றார். “ஆனா நேராத்தான் ஓடுது.”