ஏழு நாள் தீட்டு

எங்கள் வீட்டில் முள்ளங்கியைத் தோல் சீவி, இரண்டு தண்ணீரில் அலசிய பிறகுதான் உப்பில் போடுவார்கள். அது என் ஏற்பாடு. ஒரு பிரபு வீட்டுக் காரியஸ்தனுக்கு முள்ளங்கியோடு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். முள்ளங்கியை மட்டுமல்ல, அரிசி புடைப்பதையும் விறகு அடுக்குவதையும் நான் நின்று பார்ப்பேன். வேலைக்காரர்கள் மூக்குச் சிந்திய கையை எங்கே துடைக்கிறார்கள் என்பதைக்கூடப் பார்ப்பேன். யாராவது ஒருவர் பார்க்க வேண்டுமல்லவா.

தோராமேவைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். நகரக் காவல் அதிகாரி பட்டப்பகலில் வந்து எதிரே உட்காருவது ஊறுகாய்ப் பக்குவம் கேட்பதற்காக இருக்காது. சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பின்னால் நிற்கிற அந்தத் தாடிக்காரன் தலையைச் சொறிவதை நிறுத்தினால் நன்றாக இருக்கும்.

தோராமே எங்கள் வீட்டில் நெல் குத்துகிறவள். உலக்கை பிடித்துப் பிடித்துக் கை இரண்டும் ஆண்பிள்ளைக் கை மாதிரி இருக்கும். முன்பல் ஒன்று கிடையாது. சிரித்தால் எச்சில் தெறிக்கும், அவளோ எப்போதும் சிரிப்பாள். ஊறுகாய் ஜாடியில் விரலைவிட்டு, நக்கிப் பார்த்து, அதே விரலை மறுபடி ஜாடியில் விட்டதை ஒருமுறை என் கண்ணால் கண்டேன். அன்றிலிருந்து நான் ஊறுகாய் தொடுவதில்லை. முற்றத்தில் நான் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடப்பதால் எனக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தாள். “கொக்கு ஐயா வர்றாரு, வழிய விடுங்கடி, மீனு ஏதாச்சும் மாட்டப் போவுது” என்பாள். அடுக்களையே சிரிக்கும். நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எனக்கு அவள்மேல் விரோதம் கிடையாது. அருவருப்பு இருந்தது, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு.

இந்த வருடம் எங்கள் பிரபுவுக்குக் கிடைத்த பெருமையை நீங்கள் அறிவீர்கள். நாகதாகா பிரபு அரசவையில் ஒவ்வொரு முறையும் கடைசி நிமிடத்தில் ஒதுக்கப்பட்டவர். அவரைவிடச் சின்னவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். ஐம்பது தாண்டிய பிறகு, இந்த வசந்தத்தில்தான், காமோ கோயில் திருவிழாவுக்குச் சக்கரவர்த்தியின் தூதராகப் போகும் பேறு அவருக்கு வந்தது. அன்று என்னைத் தனியாக அழைத்தார்.

“மொரிதோகி, இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா என் ஆயுசுல இனி அந்தத் தூதர் குதிரையில ஏற மாட்டேன். பக்கத்து வீட்டு சுனேஹிரா எப்ப நான் சறுக்குவேன்னு பாத்துக்கிட்டே இருக்கான். வீட்ட மட்டும் நீ சுத்தமா வச்சுக்கோ” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்குள் ஒரு சாவு விழுந்தால் முப்பது நாள் தீட்டு. தீட்டுப்பட்ட வீட்டுக்காரர் தெய்வத்தின் பக்கம் போக முடியாது. திருவிழாவுக்கோ அரை மாதம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துத் தோராமே இருமத் தொடங்கினாள்.

அவளை வெளியே கொண்டுபோய் வைத்ததில் ஒளிக்க ஒன்றுமில்லை. தலைநகரத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பிழைக்க மாட்டார் என்று தோன்றுகிற வேலைக்காரரை மூச்சு நிற்பதற்குள் ஆற்றுமணலுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் வீட்டிலும் அனுப்பியிருப்பீர்கள். ஒரு கதவுப் பலகையில் கிடத்தி இரண்டு ஆட்கள் தூக்கிப் போனார்கள். புதுப் பாய் கொடுத்தேன், ஒரு கிண்ணம் சோறு கொடுத்தேன். இந்தத் தெருவில் யார் சோறு கொடுத்து அனுப்புகிறார்கள், விசாரித்துப் பாருங்கள். வாசல் தாண்டும்போது பலகையிலிருந்து தலையைத் தூக்கி, “கொக்கு ஐயா, இது வெறும் சளி. சாவு வந்தா நானே ஆள் விட்டுச் சொல்லி அனுப்புறேன், நீங்க ஏன் அவசரப்படுறீங்க” என்றாள். தூக்கியவர்கள் சிரித்ததில் பலகை ஆடியது.

அவள் திரும்பி வந்துவிட்டாள். மண்சுவரில் நாய் நுழைகிற ஓட்டை வழியாகத் தவழ்ந்து வந்து, தூண்மேல் உயர்த்திக் கட்டிய அடுக்களைப் பலகைத் தரைக்கு அடியில், விறகு போட்டு வைக்கிற இடத்தில் படுத்துக்கொண்டாள். அடுக்களைக்காரி அகோவுக்கு இது தெரியும். தினமும் கஞ்சி கொடுத்திருக்கிறாள். எங்கள் காலுக்குக் கீழே அவள் மூச்சு விட்டுக்கொண்டு, துப்பிக்கொண்டு, இன்னும் என்னென்னவோ செய்துகொண்டு கிடந்திருக்கிறாள். மேலே நாங்கள் தூதராகப் போகிற பிரபுவுக்காகத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் கீழே போய்ப் பார்த்தபோது அவள் இறந்து கிடந்தாள். நீங்கள் தலையாட்டுகிறீர்கள். ஆகவே மீதியும் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். முழு உடல் கிடந்தால் முப்பது நாள். உடலில் ஏதாவது ஒரு பாகம் குறைந்திருந்தால் ஏழே நாள். இது நான் வகுத்த விதி அல்ல. நாய்கள் எலும்பையும் சதையையும் எல்லார் வீட்டுக்கும் இழுத்து வருகிற ஊரில், பெரியவர்கள் யோசித்து வைத்த சலுகை. ஏழு நாள் என்றால் திருவிழாவுக்கு முன்பே தீட்டு கழிந்துவிடும். அதனால் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துப் பின்சுவருக்கு மேல் சந்தில் எறிந்தேன். பிறகு, தரைக்கு அடியில் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள், கையை நாய் கொண்டுபோய்விட்டது என்று வீட்டில் அறிவித்தேன்.

தீட்டு விதி சொல்கிற பண்டிதர் வந்தார். தீட்டு வீட்டில் உட்கார்ந்தால் அவருக்கும் ஒட்டும் என்பதால் முற்றத்திலேயே நின்றார். விசிறியால் மூக்கை மூடிக்கொண்டு, இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தார். “கை இல்ல. ஏழு நாள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாசலில் ஏழு நாள் தீட்டு என்று பலகை மாட்டினேன். ஆட்கள் உடலைப் பாயில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

நான் எதிர்பாராதது ஒன்றுதான். சந்தில் கிடந்த கையை நிஜமாகவே ஒரு நாய் கவ்விக்கொண்டு போய் சுனேஹிராவின் வீட்டுப் படியில் போட்டுவிட்டது. அவர் வாசலிலும் பலகை தொங்கியது. நான் கொஞ்சம் சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கோபத்தில் அந்தக் கையை ஒரு பெட்டியில் போட்டு உங்களிடம் அனுப்பிவிட்டார். நீங்கள் அதைத் திறந்து, கையில் எடுத்து, வெட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களாம். எப்படித்தான் உங்களால் முடிந்ததோ.

திருவிழா நடந்தது. பிரபு குதிரைமேல் பச்சை இலை சூடிப் போனபோது தெருவில் கிழவிகள் கும்பிட்டார்கள். அதை யாரும் இனி எடுத்துவிட முடியாது.

அகோ உங்களிடம் சொன்னதை நீங்கள் சற்றுமுன் எனக்குச் சொன்னீர்கள். “அன்னிக்குக் காலையில அந்தக் கையாலதான்யா கிண்ணத்தப் பிடிச்சுக் கஞ்சி குடிச்சா. இன்னும் கொஞ்சம் ஊத்துடின்னு கேட்டா. செத்தவ கேப்பாளா?” என்றாளாம். நல்லது. அப்படியானால் அந்த இடத்தையும் திருத்திச் சொல்கிறேன். அவள் அப்போது இறந்திருக்கவில்லை.

முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள், இதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவள் இறந்த பிறகு நான் கையை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இறந்த நிமிடத்துக்கும் எடுத்த நிமிடத்துக்கும் நடுவில், எவ்வளவு சின்னப் பொழுதானாலும், இந்த வீட்டில் ஒரு முழு உடல் கிடந்திருக்கும். அது முப்பது நாள் தீட்டு. பண்டிதரை ஏமாற்றலாம், சுனேஹிராவை ஏமாற்றலாம். காமோ தெய்வத்தை ஏமாற்ற முடியுமா? முப்பது நாள் தீட்டுள்ள மனிதரை ஏழு நாள் என்று சொல்லி அந்தச் சன்னிதியில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கை முன்னால், சாவு பின்னால். இறக்கும்போதே அவள் குறைந்த உடலாகத்தான் இறந்தாள். நான் தெய்வத்திடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

“அவ சாகப்போற பொம்பளையா இருந்தாளா? அதச் சொல்லுங்க மொதல்ல” என்று கேட்டீர்கள். நீங்கள் குரலை உயர்த்தவில்லை, ஆனால் உங்கள் பாயைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டீர்கள். அதை நான் கவனித்தேன்.

அன்று மழை. பிரபு வெளியே போயிருந்தார், ஆட்கள் எல்லாம் முன்கட்டில் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அகோ சந்தைக்குப் போயிருந்தாள். ஊர்வலத்துக்காகத் தைத்த வெள்ளைப் பட்டு அங்கி அன்றுதான் வந்திருந்தது. எனக்கு வாழ்நாளில் முதல் பட்டு. அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் பாதத்துக்கு நேர் கீழே இருமல் கேட்டது. அங்கியோடேயே இறங்கிப் போனேன்.

விறகுக் கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. முகத்தில் சதை பிடித்திருந்தது.

“அடேயப்பா, மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்களே. யாரு பொண்ணு குடுத்தது?” என்றாள்.

“நீ இங்கே இருக்கக் கூடாது.”

“தெரியுங்கய்யா. சாமி காரியம் முடியிற வரைக்கும் எங்கயாச்சும் போயிடுறேன். ஆத்துமணல்ல நாய் சும்மா விடலை, அதான் வந்துட்டேன். அகோவோட அக்கா வீடு இருக்கு, அங்க போறேன். சரியா?”

சரி என்றேன். ஆம், போகிறேன் என்றுதான் சொன்னாள். நடக்கிற அளவுக்குத் தெம்பும் இருந்தது. உங்கள் கேள்விக்கு அதுதான் பதில். அவள் சாகப்போகிறவள் அல்ல.

இப்போது அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டுகிறீர்கள். அந்த உள்ளங்கைக்குள் இருந்த பட்டு நூல், கூடவே கிழிந்த துணி. ஊர்வலத்தில் எங்கள் வீட்டார் எல்லாரும் புது அங்கியில் வந்தபோது நான் மட்டும் வெளுத்துப்போன பழசில் நடந்ததையும் நீங்கள் தெருவோரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். கூர்மையான கண்தான். அந்த அங்கியை எரித்துவிட்டேன். இன்று காலை பிரபு நான் படுக்கும் பாயையும் எரிக்கச் சொன்னாராம், என் பெயரை வீட்டில் சொல்ல வேண்டாம் என்றாராம். அவர் வருத்தம் தணிந்ததும் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன். எல்லாம் அவருக்காகச் செய்ததுதானே.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். “கால் மரத்துப் போச்சுய்யா, கொஞ்சம் கை குடுங்க” என்றாள். நான் கொடுக்கவில்லை. அதனால் என் அங்கிக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு ஒரு கணம் முன்புதான் அந்தக் கையால் மூக்கைத் துடைத்திருந்தாள். அதன் ஈரம் பட்டுத் துணியைத் தாண்டி என் தோலில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. விடு என்றேன். “இருங்கய்யா, விழுந்துடுவேன்” என்று இன்னும் இறுக்கிப் பிடித்தாள், சிரித்தாள். விறகின் மேல் வெட்டரிவாள் கிடந்தது.

தெய்வம், விதி, முன்னால் பின்னால் என்று நான் சொன்னதில் நீங்கள் ஒரு ஓட்டையும் காட்ட முடியாது. அத்தனையும் சரியான நியாயம். ஆனால் அந்த ஏழு நாள் விதி என் நினைவுக்கு வந்தது, நான் கிணற்றடியில் கை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான். அடுக்களைக்கு அடியிலிருந்து இருமல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.